இரண்டு போன்களின் ஜிபிஎஸ்ஸை ஒப்பிடுவது எப்படி: சிக்னல் அளவு, ஃபிக்ஸ் நேரம், ஏமாறும் இடங்கள்

புது போன் கைக்கு வந்ததும் மேப்பைத் திறந்து, நீலப் புள்ளி சட்டென்று வந்துவிட்டால் "ஜிபிஎஸ் சூப்பர்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டுக்குள் உடனே வரும் அந்தப் புள்ளி பெரும்பாலும் செயற்கைக்கோளிலிருந்து வந்ததே அல்ல. அக்கம்பக்கத்து வைஃபை ரூட்டர்களையும் செல்போன் டவர்களையும் வைத்துப் போட்ட கணக்கு அது. வைஃபை இல்லாத புறவழிச் சாலையிலோ டவர் எட்டாத மலையிலோ போய் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். அதற்குள் போனைத் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும்.

டெலிவரி, ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வயலில் இறங்கிக் கணக்கெடுப்பவர்கள், மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோதனை பயன்படும். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: சிக்னல் பலவீனம் ஒரு கோளாறு, ஃபிக்ஸ் தாமதம், அதாவது போன் தன் இடத்தைக் கணக்கிட்டு முடிக்க நேரமாவது, வேறொரு கோளாறு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் காரணமும் தீர்வும் வேறு. அதனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

1. எதை அளக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் கடிகாரத் திருத்தத்தையும் பாதை விவரத்தையும் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பாதை விவரத்துக்கு எஃபெமெரிஸ் என்று பெயர். 30 விநாடிக்கு ஒரு சுற்று. அதில் 18 விநாடி நமக்கு வேண்டிய விவரம் ஓடும். கையில் எந்த விவரமும் இல்லாத போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து இதைப் பிழையில்லாமல் கேட்டு முடித்தால்தான் இடத்தைக் கணக்கிட முடியும். இதுதான் கோல்ட் ஸ்டார்ட். திறந்த வெளியில் 30 முதல் 60 விநாடி வரை ஆவது இயல்பு.

ஒருமுறை வாங்கிய எஃபெமெரிஸ் ஏறக்குறைய 4 மணி நேரம் செல்லும். அது காலாவதியாகி, பழைய இடமும் நேரமும் மட்டும் தோராயமாக நினைவில் இருந்தால் வார்ம் ஸ்டார்ட். எஃபெமெரிஸ் இன்னும் செல்லுபடியாக இருந்தால் ஹாட் ஸ்டார்ட். 1 முதல் 3 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். இதே விவரத்தை மொபைல் டேட்டா வழியாக இறக்கிக்கொண்டு தொடங்கினால் அது ஏ-ஜிபிஎஸ். நாம் அன்றாடம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். 2 முதல் 10 விநாடி.

தொடங்கிய கணத்திலிருந்து முதல் ஃபிக்ஸ் வரை ஆகும் நேரத்தைச் செயலிகளில் டிடிஎஃப்எஃப் என்று காட்டுவார்கள். எந்த வகைத் தொடக்கம் என்று சொல்லாமல் "என் போன் 3 விநாடியில் பிடித்தது" என்று எழுதும் ஒப்பீடுகளை அப்படியே தள்ளிவிடுங்கள். அல்மனாக், அதாவது எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதைப் பட்டியல், முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் சிலர் எழுதுவார்கள். 12.5 நிமிடக் கணக்கு சரி, காத்திருப்பது தேவையில்லை. இன்றைய சிப்கள் வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் தேடக்கூடியவை.

2. வேண்டியவை, ஆகும் செலவு, ஒதுக்க வேண்டிய நேரம்

ஆண்ட்ராய்டுக்கு ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலி போதும். செயற்கைக்கோள் வாரியாக சிக்னல் அளவு, அலைவரிசை, டிடிஎஃப்எஃப் மூன்றையும் காட்டும். உதவித் தரவை, அதாவது போன் சேமித்து வைத்திருக்கும் எஃபெமெரிஸ் போன்ற விவரங்களை, அழிக்கவும் அதிலேயே வழி உண்டு. ஒப்பிடும் எல்லாப் போன்களிலும் இதே செயலியின் ஒரே பதிப்பை ஏற்றுங்கள். அளக்கும் விதம் செயலிக்குச் செயலி மாறும் என்பதால், ஒன்றில் ஒரு செயலி மற்றொன்றில் வேறு செயலி என்று வைத்தால் ஒப்பீடே இல்லை.

இதோடு ஒரு மரமேசை அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு நோட்டு, பேனா. கைச்செலவு என்று பார்த்தால் வண்டியில் சோதிக்க ஹோல்டர் வாங்கினால் மட்டும்தான். உதவித் தரவை இறக்க ஆகும் டேட்டா மிகச் சொற்பம்.

செலவாவது நேரம்தான். ஒரு போனுக்குப் பத்து கோல்ட் ஸ்டார்ட் எடுக்க, அழித்துக் காத்திருப்பதையும் சேர்த்து 20 நிமிடம். சிக்னல் அளவுக்கு 15 நிமிடம். அசையாமல் வைத்துத் துல்லியம் பார்க்க 30 நிமிடம். நடை அல்லது வண்டிச் சோதனை ஒரு மணி நேரம். வார்ம் ஸ்டார்ட்டுக்கு இடையில் 4 மணி நேரத்துக்கு மேல் போனைச் சும்மா விட வேண்டியிருப்பதால், இரண்டு நாள் காலையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

3. இடமும் நேரமும்

மொட்டை மாடிதான் நமக்குக் கிடைக்கும் சிறந்த சோதனைக்கூடம். ஆனால் மாடியில் எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். தண்ணீர் தொட்டி, மாடிப்படி அறை, தகரக் கொட்டகை, சோலார் பேனல் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நடுமாடியில் ஸ்டூலைப் போடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள். இரும்பு மேசை கூடவே கூடாது; உலோகத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல் நேரே வரும் சிக்னலோடு கலந்து அளவைக் கெடுக்கும்.

நேரம்: காலை 7 முதல் 9 வரை. நடுப்பகலில் போன் சூடேறும். வெப்பம் சட்டென்று மாறும்போது உள்ளே இருக்கும் கடிகாரப் படிகத்தின் அதிர்வெண் நகர்ந்துவிடும், சிக்னலைத் தேடுவதற்கு நேரம் கூடும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த போனை நேரே சோதிக்காமல் 15 நிமிடம் வெளியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. காந்த நடுக்கோடு நமது தென்முனையை ஒட்டியே போகிறது. திருநெல்வேலியில் இதற்கென்றே ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்தபின் நள்ளிரவு வரை அயனி மண்டலத்தில் கொந்தளிப்பு ஏற்பட்டு ஜிபிஎஸ் சிக்னல் விட்டுவிட்டு மங்கும். மார்ச் - ஏப்ரல், செப்டம்பர் - அக்டோபர் மாதங்களிலும், சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளிலும் இது கூடுதல். ஒரு போனைக் காலையிலும் இன்னொன்றை இரவு 8 மணிக்கும் அளந்துவிட்டு இரண்டாவதைக் குறை சொன்னால், அதற்குப் பலியாவது ஒரு நல்ல போனாக இருக்கலாம்.

இரண்டு போனையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாமல் அடுத்த நாள் செய்தால், முந்தைய நாளைவிட 4 நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்புகிறது. ஒரு வாரம் தள்ளிச் செய்தால் 28 நிமிடம் முன்னதாக. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்ற மற்றச் செயற்கைக்கோள் அமைப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பதே மேல்.

4. போனைத் தயார் செய்தல்

பெரும்பாலான ஒப்பீடுகள் இந்த இடத்திலேயே கெட்டுவிடுகின்றன. வரிசையாகச் செய்யுங்கள்.

பவுச்சைக் கழற்றுங்கள். காந்த வளையம், கார் ஹோல்டருக்கு ஒட்டிய இரும்புத் தகடு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சார்ஜர், பவர் பேங்க் எதிலும் சொருகியிருக்கக் கூடாது; மலிவான சார்ஜர்களின் இரைச்சல் ஜிபிஎஸ் அலைவரிசையில் கலக்கும். பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும்.

லொகேஷன் செட்டிங்ஸுக்குள் போய், கூகுள் லொகேஷன் அக்யூரசி என்பதை அணையுங்கள். வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் அணையுங்கள். வைஃபையை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்கேனிங் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "முழு ஜிஎன்எஸ்எஸ் அளவீட்டைக் கட்டாயமாக்கு" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும் (ஜிஎன்எஸ்எஸ் என்பது ஜிபிஎஸ் போன்ற எல்லா அமைப்புகளுக்கும் பொதுப்பெயர்). பேட்டரி மிச்சப்படுத்த ஜிபிஎஸ் சிப் ஒவ்வொரு விநாடியிலும் கொஞ்ச நேரம் தூங்கி எழும். இந்தப் பொத்தான் அந்தத் தூக்கத்தை நிறுத்தும். எல்லாப் போனிலும் போடுங்கள், அல்லது எதிலும் போடாதீர்கள். ஒன்றில் போட்டு மற்றொன்றில் போடாமல் விடுவதுதான் தவறு.

மேசையில் திரை மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். இரண்டு போனுக்கும் இடையில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். பாதிச் சோதனை முடிந்ததும் இரண்டின் இடத்தையும் மாற்றி வையுங்கள். இடதுபக்கம் ஒரு சுவர் நெருங்கியிருந்தால்கூட அந்தப் பாதிப்பு இரண்டுக்கும் சமமாகிவிடும்.

நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். மனித உடல் பெரும்பாலும் தண்ணீர், 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாகவே மறைக்கும். குனிந்து குனிந்து பார்த்தால் உங்கள் தலையே வானத்தின் ஒரு பகுதியை மூடிவிடும்.

5. சிக்னல் அளவை எடுத்தல்

செயலியின் பட்டியலில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் நேராக சி/என்0 என்ற ஓர் எண் இருக்கும். அலகு டிபி-ஹெர்ட்ஸ். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதே அது. 3 குறைந்தால் சிக்னல் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள்.

ஃபிக்ஸ் கிடைத்து 5 நிமிடம் ஆனபின் எழுதத் தொடங்குங்கள். திறந்த மாடியில், எல்1 எனப்படும் வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வலுவான நான்கு செயற்கைக்கோள்களின் சராசரி 38 முதல் 45 வரை இருந்தால் நல்ல போன். 33 முதல் 37 வரை ஒப்புக்கொள்ளலாம். 30-க்குக் கீழே என்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் இருக்கும் போன்களில் அதன் அளவு எல்1-ஐவிடச் சற்றுக் குறைவாகவே வரும். அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி. செயலி மொத்தச் சராசரியையும் காட்டும். அந்தச் சராசரியை வைத்து ஒப்பிடவே கூடாது. நல்ல ஆன்டெனா உள்ள போன், தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் பலவீனமான செயற்கைக்கோள்களையும் பிடித்துவிடும். அவற்றின் 18, 20 போன்ற எண்களும் கணக்கில் சேர, சராசரி இறங்கிவிடும். மோசமான போன் தலைக்கு மேல் இருக்கும் பத்தை மட்டும் பிடித்து, உயர்ந்த சராசரியைக் காட்டும். நன்றாக வேலை செய்யும் போனைத் தோற்கடிக்கும் கணக்கு இது. செயற்கைக்கோள் எண்ணைப் பார்த்து, இரண்டு போனிலும் தெரிகிற அதே எட்டுப் பத்தை எடுத்து ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசங்களின் நடுமதிப்புதான், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்தான், உண்மையான ஒப்பீடு.

வித்தியாசம் 2 என்றால் சமம் என்றே எழுதுங்கள். சிப் தயாரிப்பாளர்கள் இந்த எண்ணைக் கணக்கிடும் விதத்திலேயே அவ்வளவு வேறுபாடு வரக்கூடும். 4-க்கு மேல் நிலையாகத் தெரிந்தால் மட்டும் ஒன்று மேல் என்று சொல்லலாம்.

அடுத்து போனைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனா பெரும்பாலும் போனின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். கீழ்ப்பாதியைப் பிடித்தபடி ஓர் அளவு. கேம் விளையாடுவது போலக் கிடைமட்டமாகப் பிடித்து மேல் மூலையை விரலால் மூடி ஓர் அளவு. வண்டி ஹோல்டரின் பிடி அந்த மூலையில் வருகிறதா என்பதை இப்போதே கண்டுபிடித்துவிடலாம். வழக்கமாகப் போடும் பவுச்சோடும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே செயற்கைக்கோளின் எல்1, எல்5 இரண்டையும் இரண்டாக எண்ணும் செயலிகள் உண்டு. "45 சேட்டிலைட்" என்று காட்டுவது உண்மையில் 28 ஆக இருக்கலாம்.

6. கோல்ட் ஸ்டார்ட்

ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். ஜிபிஎஸ் வெறும் கேட்கும் கருவி, எதையும் அனுப்புவதில்லை. ஆகவே ஏரோபிளேன் மோடிலும் வேலை செய்யும். வைஃபை தானாக மீண்டும் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியின் மெனுவில் உதவித் தரவை அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். உடனே செயற்கைக்கோள் பட்டியலில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆங்கிலத்தில் ஏ, இ, யு என்ற மூன்று எழுத்துகள் வரும்: அல்மனாக் இருக்கிறது, எஃபெமெரிஸ் இருக்கிறது, ஃபிக்ஸில் பயன்படுகிறது. அழித்த கையோடு இ மறைந்திருக்க வேண்டும். பிறகு விநாடிகள் ஓட ஓட, சிக்னல் வலுவாக உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே இ மெல்ல எழும். நான்கில் எழுந்த சற்று நேரத்தில் ஃபிக்ஸ். இந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால், ஜிபிஎஸ் எதற்காகக் காத்திருக்கிறது என்பது பிறகு ஒருபோதும் குழப்பாது.

சில போன்களில் அழிக்கும் கட்டளையைச் சிப் கண்டுகொள்ளாது. கண்டுபிடிப்பது சுலபம்: டேட்டா இல்லாமல், அழித்தபின்னும் 3 விநாடியில் ஃபிக்ஸ் வந்தால் அது கோல்ட் ஸ்டார்ட் அல்ல. பாதை விவரத்தைக் கேட்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். அந்த எண்ணை எழுதாதீர்கள். அப்படிப்பட்ட போனை இரவு முழுவதும் அணைத்து வைத்து, காலையில் ஏரோபிளேன் மோடில் தொடங்கி வார்ம் ஸ்டார்ட் மட்டும் எடுக்கலாம்.

ஒரு போனுக்குப் பத்து முறை. 120 விநாடிக்குள் வராவிட்டால் "120+" என்று எழுதி அடுத்ததற்குப் போங்கள். அதை விட்டுவிட்டு நல்லவற்றை மட்டும் எழுதுவது ஏமாற்று. முடிவில் சராசரி எடுக்காதீர்கள், நடுமதிப்பை எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு போனில் 34, 36, 33, 65, 35, 34, 37, 64, 36, 35 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுமதிப்பு 35.5. இரண்டு இடத்தில் 65, 64 என்று தாவியிருப்பதைக் கவனியுங்கள். தாவல் ஏறக்குறைய 30 விநாடி. கேட்டுக்கொண்டிருந்த விவரத்தில் ஒரு துண்டு கெட்டுப்போய், அடுத்த சுற்றில் அது மீண்டும் வரும்வரை போன் காத்திருந்திருக்கிறது. பத்தில் ஒன்றிரண்டு இப்படி வருவது சகஜம். ஐந்தாறு வந்தால் சிக்னல் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். 5-ஆம் படியில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டால் காரணம் தெரிந்துவிடும். மரத்தடியிலும் காரின் உள்ளேயும் கோல்ட் ஸ்டார்ட் இழுத்துக்கொண்டே போவதும் இதனால்தான். ஏற்கெனவே பிடித்த சிக்னலைத் தொடர மிகக் குறைந்த அளவு போதும். புதிதாக விவரத்தைப் பிழையின்றிப் படிக்க அதைவிட நிறைய வேண்டும்.

7. ஏ-ஜிபிஎஸ், ஹாட், வார்ம்

ஏரோபிளேன் மோடை எடுத்து, டேட்டா வந்து நிலைத்தபின், மீண்டும் உதவித் தரவை அழித்துப் பத்து முறை எடுங்கள். இரண்டு போனிலும் ஒரே நிறுவனத்தின் சிம் இருப்பது நல்லது. அல்லது மூன்றாவது போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஜிபிஎஸ்ஸை அல்ல, நெட்வொர்க்கை.

டேட்டா இருந்தும் 30 விநாடிக்கு மேல் ஆனால், உதவித் தரவு வந்து சேரவில்லை. விபிஎன், விளம்பரம் தடுக்கும் செயலி, தனி டிஎன்எஸ் ஆகியவற்றை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். ஜிபிஎஸ் உதவி சர்வரின் முகவரியையும் சேர்த்துத் தடுத்துவிடும் பட்டியல்கள் உண்டு. போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஹாட் ஸ்டார்ட்டுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். ஃபிக்ஸ் கிடைத்தபின் 5 நிமிடம் ஓடவிட்டு, செயலியில் ஜிபிஎஸ்ஸை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். ஐந்து முறை போதும். வார்ம் ஸ்டார்ட்டுக்கு, ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு 4 மணி நேரத்துக்கு மேல் போனைச் சும்மா விட்டு, ஏரோபிளேன் மோடில் தொடங்குங்கள்.

ஐபோனில் செயற்கைக்கோள் பட்டியலையும் சி/என்0 அளவையும் பிற செயலிகளுக்குத் தருவதில்லை, உதவித் தரவை அழிக்கவும் வழியில்லை. ஆகவே ஐபோனோடு ஒப்பிடுவதானால் வார்ம் ஸ்டார்ட், துல்லியம், நடைச் சோதனை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. அசையாமல் வைத்துத் துல்லியம்

செயலி காட்டும் "துல்லியம் 4 மீட்டர்" என்பது போன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் மதிப்பீடு. ஆண்ட்ராய்டின் வரையறைப்படி, உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றில் ஒருமுறை வெளியே இருக்கும். வட்டம் சிறிதாக இருக்கும் போன் துல்லியமான போன் என்று கொள்ள முடியாது. தன்னம்பிக்கை மிகுந்த போன் என்றுதான் கொள்ள முடியும்.

உண்மையான ஆயத்தொலை (அட்சரேகை, தீர்க்கரேகை) தெரிந்த ஓர் இடம் வேண்டும். நில அளவைத் துறையினர் நிறுவிய புள்ளியின் மதிப்பு உங்களுக்குக் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால், மாடியின் ஒரு புள்ளியில் எல்5 உள்ள போனை வைத்து இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பதிவு செய்து சராசரி எடுங்கள். மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் விரல் வைத்து எடுக்கும் மதிப்பை நம்பாதீர்கள். அந்தப் படமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம்.

தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் எழுத வேண்டும். 0.00001 பாகை என்பது அட்சரேகையில் சுமார் 1.1 மீட்டர். நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் 11 மீட்டர் போய்விடும். தெரிந்த மதிப்பை ஜிபிஎஸ்டெஸ்ட்டின் துல்லியப் பக்கத்தில் கொடுத்துவிட்டால், பிழையை அதுவே கணக்கிட்டுக் காட்டும்.

உயரத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். சென்னைக் கடற்கரையில் நின்றால்கூடப் பல ஆண்ட்ராய்டு செயலிகள் கடல் மட்டத்துக்கு எண்பது தொண்ணூறு மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டும். அது ஆன்டெனாக் கோளாறு அல்ல. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து. நம் பகுதியில் உண்மையான கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு கீழே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகிலேயே இந்தப் பள்ளம் மிக ஆழம், 106 மீட்டர். ஒரு போன் திருத்தம் செய்தும், மற்றொன்று செய்யாமலும் காட்டினால், உயரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை.

9. நடந்தும் ஓட்டியும்

அசையாமல் இருக்கும்போது பல சிப்கள் இடத்தைப் பிடித்து நிறுத்திவிடும். புள்ளி ஆடாததை வைத்துத் துல்லியம் என்று சொல்ல முடியாது, நகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

நல்ல அளவுகோல் மாவட்ட விளையாட்டு மைதானங்களில் இருக்கும் 400 மீட்டர் தடம். முதல் தடத்தின் உள்விளிம்பிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 30 செ.மீ. தள்ளி நடந்தால் ஒரு சுற்று 400 மீட்டர். ஐந்து சுற்று நடந்து 2,000 மீட்டரோடு ஒப்பிடுங்கள். புள்ளி இங்குமங்கும் ஆடும் போன் தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதிகமாக வழுவழுப்பாக்கும் போன் வளைவுகளை வெட்டிக் குறைத்துக் காட்டும். ஐந்து சுற்றும் மேப்பில் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு போனையும் ஒரே கையில் அடுக்கிப் பிடிக்காதீர்கள். மேலிருப்பது கீழிருப்பதை மறைக்கும். இரு தோளில் ஒவ்வொன்றாகக் கட்டி, பாதிக்குமேல் மாற்றிக்கொள்ளுங்கள்.

நெருக்கடியான இடத்துக்கு, தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி இருபுறமும் உயரக் கட்டடம் உள்ள சந்து, அல்லது வடபழனி பக்கம் மெட்ரோ மேம்பாலத்தை ஒட்டிய 100 அடிச் சாலை. சுவரில் பட்டுச் சுற்றிவரும் சிக்னல் இங்கேதான் போனை அடுத்த தெருவுக்குத் தள்ளும். எல்1 மட்டும் உள்ள போனுக்கும் எல்1, எல்5 இரண்டும் உள்ள போனுக்கும் வித்தியாசம் தெரிவதும் இங்கேதான். எல்5 சிக்னலின் துடிப்பு பத்து மடங்கு நுணுக்கமானது; நேரே வந்ததையும் பட்டு வந்ததையும் அது நன்றாகப் பிரித்தறியும். மொட்டை மாடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் எல்5 வீண் என்று முடிவு செய்யாதீர்கள்.

வழிகாட்டும் செயலியின் திரையை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அது புள்ளியைச் சாலைக்கோட்டின் மேல் ஒட்டிவைத்துவிடும். பதிவு செய்யும் செயலியில் கச்சா தடத்தை எடுத்துப் பாருங்கள். பேட்டரி ஆப்டிமைசேஷனில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்க மறந்தால், திரை அணைந்ததும் பதிவு அறுந்து, தடத்தில் நீண்ட நேர்கோடு விழும். அதைச் சிக்னல் குறை என்று எண்ணிவிடுவோம். காரில் சோதித்தால் கண்ணாடியில் சன் ஃபிலிம், உலோகப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

10. எண்கள் சொல்வது என்ன, எங்கே போவது

வாங்கும் முன் என்றால்: பெட்டியில் "ஏ-ஜிபிஎஸ்" என்று இருப்பது தனிச் சிறப்பு அல்ல, எல்லாப் போனிலும் உண்டு. தேட வேண்டியது "எல்1+எல்5". இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் பெயர் எழுதியிருந்தாலும் பட்டியலில் இந்தியக் கொடியோடு சி/என்0 எண் வருகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5-இலும் எஸ் அலைவரிசையிலும் மட்டுமே அனுப்புகின்றன. எல்1 சேர்ந்தது 2023 மே 29-இல் ஏவிய என்விஎஸ்-01 முதல்தான். ஆகவே நாவிக் உண்மையில் பயன்பட எல்5 ஆன்டெனா வேண்டும். ஒரே பெயரில் விற்கும் மாடலில் நாட்டுக்கு நாடு சிப் மாறுவதும் உண்டு. வெளிநாட்டு விமர்சனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கியபின் என்றால் மூன்று நிலைகள்.

சி/என்0 நன்றாக இருக்கிறது, கோல்ட் ஸ்டார்ட்டும் சரி, அன்றாடம் மட்டும் தாமதம்: உதவித் தரவு, டேட்டா, பேட்டரி சேவர். செட்டிங்ஸிலேயே தீரும், கடைக்குப் போக வேண்டாம்.

ஒரு செயற்கைக்கோள்கூடத் தெரியவில்லை: லொகேஷன் அனுமதி, சிஸ்டம் அப்டேட், பிறகு நெட்வொர்க் ரீசெட். அதற்கும் அசையாவிட்டால் சிப் அல்லது போர்டு.

எல்லாம் தெரிகிறது, ஆனால் எல்லாமே 28-க்குக் கீழே: ஆன்டெனா. டிஸ்ப்ளே அல்லது பின்பக்கக் கண்ணாடி மாற்றிய போன் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, போர்டிலிருந்து ஆன்டெனாவைத் தொடும் குட்டி ஸ்பிரிங். அது நசுங்கியிருக்கும், அல்லது பக்கத்து ஸ்க்ரூ ஒன்றைப் போடாமல் மூடியிருப்பார்கள். போர்டைத் தொடாமல் சரி செய்யக்கூடிய வேலை இது. கடைக்காரர் போர்டு மாற்ற வேண்டும் என்று தொடங்கினால், ஸ்பிரிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடை வாசலுக்கு வந்து இந்த ஒரு எண்ணையாவது பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

திருப்பித் தரவோ வாரண்டியில் கேட்கவோ தேவையான காகிதங்கள்: பில், பெட்டி, ஐஎம்இஐ எண், மாடலின் முழு எண், ஆண்ட்ராய்டு பதிப்பு. இவற்றோடு சோதனைத் தாள்: தேதி, நேரம், இடம், வானம் எப்படி, பவுச் இருந்ததா, பத்து எண்கள். அதே மேசையில் வேறொரு போனோடு சேர்ந்து ஓடும் இரண்டு நிமிட வீடியோ எடுத்துவிடுங்கள். இரண்டு திரையிலும் கடிகாரம் தெரிய வேண்டும். "ஜிபிஎஸ் சரியில்லை" என்று வாயால் சொன்னால், ரீசெட் செய்து கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரே செயற்கைக்கோளுக்கு ஒரு போனில் 41, உங்கள் போனில் 27 என்று காட்டும்போது பேச்சு மாறும். இணையத்தில் வாங்கியிருந்தால் மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதை விற்பனைப் பக்கத்தில் பார்த்து, முதல் இரண்டு நாளிலேயே 5, 6-ஆம் படிகளை முடித்துவிடுங்கள். கெடுவுக்குள் கேட்டும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சர்வீஸ் சென்டரிலிருந்து போனை வாங்கும்போது உள்ளே நின்று மேப்பைத் திறந்து காட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். வாசலுக்கு வந்து, ஏரோபிளேன் மோடில், வலுவான நான்கின் சராசரியைப் பார்த்து, பழைய தாளின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள்.